வாங்குறவர் சாப்பிடுறதில்லை, சாப்பிடுறவர் வாங்குறதில்லை... வியட்நாமின் ‘நிலா கேக்’ யாருக்கானது?

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் போதும், வியட்நாம் நகரங்களின் நடைபாதைகளில் சிவப்பும் மஞ்சளுமாகத் தற்காலிகக் கடைகள் முளைக்கத் தொடங்கிவிடும். எல்லாவற்றிலும் விற்பது ஒரே பொருள்தான்: ‘மூன்கேக்’ என்று உலகம் அழைக்கும் நிலா கேக். உள்ளங்கை அளவு வட்டமாகவோ சதுரமாகவோ இருக்கும். மேலே பூ வேலைப்பாடு, உள்ளே இனிப்பும் உப்பும் கலந்த பூரணம்.

இந்த கேக்கைப் பற்றி அந்த ஊரில் ஒரு கிண்டல் உண்டு. வாங்குபவர் சாப்பிடுவதில்லை, சாப்பிடுபவர் வாங்குவதில்லை என்பார்கள். காரணம், விலை உயர்ந்த பெட்டிகளில் பெரும்பகுதி அடுத்தவருக்குக் கொடுப்பதற்காகவே வாங்கப்படுகிறது. நிறுவனம் வாடிக்கையாளருக்குக் கொடுக்கும், ஊழியர் மேலதிகாரிக்குக் கொடுப்பார், பெற்றோர் ஆசிரியருக்குக் கொடுப்பார்கள். வாங்கியவரும் சில நேரம் அதைப் பிரிக்காமலே இன்னொருவருக்குத் தள்ளிவிடுவார்.

இதில் விசித்திரம் என்னவென்றால், இந்த கேக் எந்த விழாவுக்காகச் செய்யப்படுகிறதோ, அது வியட்நாமில் குழந்தைகளின் விழா. அப்புறம் எப்படி அதன் பலகாரம் பெரியவர்களின் பரிசுப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்தது?

முதலில், இது என்ன விழா?

வியட்நாமிய மொழியில் இதன் பெயர் ‘தெத் ட்ருங் தூ’. ‘தெத்’ என்றால் பண்டிகை, ‘ட்ருங் தூ’ என்றால் இலையுதிர் காலத்தின் நடுப்பகுதி. சந்திர நாட்காட்டியின் எட்டாவது மாதம், 15-ம் நாள், அதாவது பௌர்ணமி. நம் கணக்கில் செப்டம்பரிலோ அக்டோபர் தொடக்கத்திலோ வரும். 2024-ல் செப்டம்பர் 17, 2025-ல் அக்டோபர் 6. 2026-ல் செப்டம்பர் 25 அன்று வருகிறது.

சீனா, கொரியா, ஜப்பான் என்று கிழக்கு ஆசியா முழுக்க இந்தப் பௌர்ணமிக்கு மரியாதை உண்டு. சீனாவில் 2008 முதல் இது அரசு விடுமுறை. வியட்நாமில் விடுமுறை கிடையாது. பகலில் அலுவலகமும் பள்ளியும் வழக்கம்போல நடக்கும். பொழுது சாய்ந்த பிறகுதான் விழா.

இதற்கு இன்னும் இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று, நிலா பார்க்கும் பண்டிகை. மற்றொன்று, சிறுவர் பண்டிகை. சீனாவில் இது முக்கியமாகக் குடும்பம் ஒன்றுகூடும் நாள். வியட்நாமிலும் குடும்பம் கூடும், ஆனால் கதாநாயகர்கள் குழந்தைகள்தான். விளக்கு ஏந்தித் தெருவில் போவது அவர்கள், சிங்க நடனத்துக்கு மேளம் தட்டுவது அவர்கள், கடைசியில் பலகாரத் தட்டைக் காலி செய்வதும் அவர்கள்.

அறுவடைக்கு முன்பே அறுவடை விழாவா?

வெளிநாட்டு ஊடகங்கள் இதை ‘அறுவடைத் திருநாள்’ என்றே எழுதுகின்றன. வடக்கு வியட்நாமைப் பொறுத்தவரை அதில் ஒரு சின்ன சிக்கல் இருக்கிறது. சிவப்பு ஆற்றுப் படுகையில் பழைய முறைப்படி நெல் இரண்டு போகம். ஒன்று சந்திர ஆண்டின் ஐந்தாம் மாதத்தில் அறுவடையாகும், மற்றொன்று பத்தாம் மாதத்தில். எட்டாம் மாதப் பௌர்ணமி வரும்போது இரண்டாம் போகப் பயிர் இன்னும் வயலில்தான் நிற்கும்.

அதாவது நாற்று நட்டு முடித்து, அறுவடைக்குக் காத்திருக்கும் இடைவெளி இது. வயலில் வேலை குறைவு. மாதக்கணக்கில் வயலிலேயே கிடந்த அப்பா, அம்மாவுக்குக் குழந்தைகளோடு உட்கார நேரம் கிடைக்கும் பருவம். விழா குழந்தைகளுடையதாக ஆனதற்குப் பரவலாகச் சொல்லப்படும் விளக்கமும் இதுதான்: கவனிக்காமல் விட்ட பிள்ளைகளுக்குப் பெற்றோர் ஒரு இரவை ஈடாகக் கொடுத்தார்கள்.

விவசாயி நிலாவைப் பார்த்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அடுத்த ஐந்தாம் மாதம் வீட்டுக்கு வரப்போகும் நெல்லை இந்தப் பௌர்ணமி நிலாவைப் பார்த்தே கணித்துவிடலாம் என்பது நம்பிக்கை. நிலா மஞ்சளாக இருந்தால் பட்டுப்புழுவுக்கு நல்ல ஆண்டு, நீலமோ பச்சையோ படர்ந்திருந்தால் இயற்கைச் சீற்றம், ஆரஞ்சு நிறத்தில் பளிச்சென்று இருந்தால் நாடு செழிக்கும் என்பார்கள். வானிலை அறிக்கை இல்லாத காலத்தில், வானத்தைப் பார்த்துக் கேட்ட கேள்வி அது.

தட்டில் வைக்கும் ‘கோம்’ என்ற பண்டமும் இதே கதையைச் சொல்கிறது. முற்றாத பச்சை நெல்லைப் பறித்து, வறுத்து, இடித்து எடுக்கும் இளம்பச்சை அவல் அது. இதற்குப் பெயர்போன ஊர் ஹனோயின் வோங் கிராமம். முற்றிய நெல் இன்னும் வீட்டுக்கு வரவில்லை. வரப்போகிறது என்பதற்கு முன்பணம் மாதிரி இந்த அவல்.

நிலாவில் இருப்பது யார்?

வியட்நாம் குழந்தைகளைக் கேட்டால் ‘சூ குவோய்’ என்பார்கள். குவோய் மாமா என்று வைத்துக்கொள்ளலாம். அவர் ஒரு விறகுவெட்டி. அடிபட்ட புலிக்குட்டிகளுக்குத் தாய்ப்புலி ஒரு மரத்தின் இலையை மென்று வைத்துக் குணமாக்குவதைக் காட்டில் பார்க்கிறார். அந்த ஆலமரத்தை வேரோடு பெயர்த்து வந்து வீட்டில் நடுகிறார். ஊரில் யாருக்கு நோய் என்றாலும் அந்த இலைதான் மருந்து.

ஒரே ஒரு நிபந்தனை. மரத்துக்கு சுத்தமான தண்ணீர் மட்டுமே ஊற்ற வேண்டும். ஒருநாள் மனைவி மறந்துபோய் அழுக்கு நீரை ஊற்ற, மரம் நிலத்தைவிட்டு எழும்பிப் பறக்கத் தொடங்குகிறது. ஓடிவந்த குவோய் வேரைப் பிடித்து இழுக்கிறார். மரம் நிற்கவில்லை, அவரையும் சேர்த்து நிலாவுக்குக் கொண்டுபோய்விட்டது. பௌர்ணமி நிலாவில் தெரியும் கருநிழல், மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் குவோய்தான்.

குழந்தைகள் விளக்கு ஏந்திப் போவது, அவர் கீழே இறங்கிவர வழி காட்டத்தான் என்றும் ஒரு பேச்சு உண்டு. நிலவுத் தேவதை ‘ஹாங்’ அக்காவும் துணைக்கு வருவார். பள்ளி விழாக்களில் இந்த இரண்டு வேடங்களும் கட்டாயம் இருக்கும்.

ஒரே பெயரில் இரண்டு கேக்

நிலா கேக் சீனாவிலிருந்து வந்த பலகாரம். ஆனால் வியட்நாமில் அது இரண்டாகப் பிரிகிறது. ‘பான் நுவாங்’ என்பது அடுப்பில் சுட்டது, பொன்பழுப்பு நிறம். ‘பான் ஸேயோ’ என்பது சுடாதது, வெள்ளை நிறம்.

சுட்ட கேக்கின் உயிர் அதன் சர்க்கரைப்பாகில் இருக்கிறது. சர்க்கரை, தண்ணீர், எலுமிச்சை சேர்த்து மெதுவான தீயில் காய்ச்சுவார்கள். எலுமிச்சையின் புளிப்பு சர்க்கரையை உடைப்பதால் பாகு மறுபடி கட்டியாகாது, ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். இதைச் சில வாரங்கள், சிலர் மாதக்கணக்கிலும் வைத்திருந்து, நிறம் அடர்ந்த பிறகே மாவில் சேர்ப்பார்கள். சுடும்போதும் பொறுமை வேண்டும். கொஞ்சம் சுட்டதும் வெளியே எடுத்துத் தண்ணீர் தெளித்து, ஆறவைத்து, முட்டைக் கலவை தடவி, மறுபடி உள்ளே வைக்க வேண்டும். இப்படிச் செய்யாவிட்டால் மேல்தோல் வெடிக்கும். அடுப்பிலிருந்து எடுத்தவுடன் தோல் கொஞ்சம் விறைப்பாக இருக்கும். ஒன்றிரண்டு நாள் ஆனதும் உள்ளிருக்கும் எண்ணெயும் பாகும் தோலுக்கு வந்து மென்மையாகிவிடும். அதுதான் சாப்பிடச் சரியான பதம்.

வெள்ளை கேக் வேறு ரகம். ஒட்டும் தன்மையுள்ள அரிசியை வறுத்து அரைத்த மாவில், ஆறிய பாகைச் சேர்த்துப் பிசைந்து அச்சில் அழுத்தினால் வேலை முடிந்தது. வாசனைக்குச் சேர்ப்பது பம்ப்ளிமாஸ் பூவிலிருந்து வடித்த நீர். பம்ப்ளிமாஸ் பூப்பது வசந்த காலத்தில், கேக் செய்வதோ இலையுதிர் காலத்தில். அரை வருடத்துக்கு முன்னால் யாரோ வடித்து எடுத்து வைத்தால்தான் இந்த மணம்.

பூரணத்தில் பாசிப்பருப்பு, தாமரை விதை போன்றவை எளிய வகைகள். பழைய ஆட்கள் கேட்பது ‘தாப் காம்’, அதாவது பல சரக்குக் கலவை. சர்க்கரையில் ஊறிய வெண்பூசணி, எள், தர்பூசணி விதை, தாமரை விதை, பன்றி இறைச்சி சாசேஜ், சர்க்கரையில் பதப்படுத்திய பன்றிக் கொழுப்பு, பொடியாக நறுக்கிய எலுமிச்சை இலை... இத்தனையும் ஒரே கேக்குக்குள் இருக்கும். நடுவில் உப்பில் ஊறிய வாத்து முட்டையின் மஞ்சள் கரு வைத்தால், வெட்டும்போது நிலா உதித்த மாதிரி தெரியும். சைவம் சாப்பிடுபவர்களுக்கென்று தனி வகைகளும் விற்பனையில் உண்டு.

ஒரு கேக் பொதுவாக 150 முதல் 250 கிராம் வரை இருக்கும். செம இனிப்பு, செம கனம். தனியாக ஒருவர் ஒரு கேக்கைச் சாப்பிடும் பழக்கமே கிடையாது. எட்டுத் துண்டு போட்டு, கசப்பான தேநீரோடு எல்லோருமாகச் சாப்பிடுவதுதான் முறை. வட்டம் வானத்தையும் சதுரம் பூமியையும் குறிக்கும் என்பார்கள். குழந்தைகளுக்கென்று மீன் வடிவம், குட்டிகளோடு படுத்திருக்கும் தாய்ப்பன்றி வடிவம் என்று தனி அச்சுகளும் உண்டு.

அந்தக் காலத்தில் எப்படி இருந்தது?

வியட்நாமியப் பழக்கவழக்கங்களைப் பற்றி பான் கே பின் எழுதிய புத்தகம் 1915-ஐச் சேர்ந்தது. அதில் இந்த விழாவும் வருகிறது. பகலில் முன்னோருக்குப் படையல், மாலையில் நிலாவுக்குத் தட்டு. தட்டின் முதலிடத்தில் நிலா கேக், சுற்றிலும் பல வண்ணத்தில் பழங்களும் பலகாரங்களும். கடைத்தெருப் பெண்கள் பப்பாளியைப் பூக்களாகச் செதுக்கியும், மாவில் இறாலும் மீனும் பிடித்தும் கைவண்ணத்தைக் காட்டிப் போட்டி போடுவார்களாம். இன்றைக்கும் பம்ப்ளிமாஸ் சுளைகளை அடுக்கி நாய்க்குட்டி செய்து தட்டில் வைப்பது வீடுகளில் நடக்கிறது.

1945 இந்த விழாவின் வரலாற்றில் முக்கியமான ஆண்டு. அந்த ஆண்டின் முதல் பாதியில் வடக்கு வியட்நாமைப் பஞ்சம் வாட்டியது, பல லட்சம் பேர் இறந்தார்கள். செப்டம்பர் 2 அன்று ஹோ சி மின் நாட்டின் சுதந்திரத்தை அறிவித்தார். அதே மாதம் வந்த பௌர்ணமிக்கு அவர் நாட்டின் குழந்தைகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். பிரான்ஸுக்கு எதிரான போர் நடந்த ஆண்டுகளிலும் இந்தப் பௌர்ணமிக்குக் குழந்தைகளுக்கு எழுதுவதை அவர் தொடர்ந்தார். ‘சிறுவர் பண்டிகை’ என்ற அடையாளத்துக்கு இப்படி அரசின் முத்திரையும் சேர்ந்தது.

அமெரிக்காவுடனான போர் முடிந்த பிறகு வந்தது ரேஷன் காலம். மாவும் சர்க்கரையும் கிடைப்பதே அரிது. நிலா கேக்குக்கும் கூப்பன்தான். கிடைத்த ஒன்றிரண்டு கேக்கைக் குடும்பம் முழுக்கத் துண்டு போட்டுச் சாப்பிட்டதை அந்தத் தலைமுறை இன்றைக்கும் நினைவுகூர்கிறது.

கேக் கைமாறியது எப்போது?

1986 டிசம்பரில் வியட்நாம் ‘தோய் மோய்’ என்ற பொருளாதாரச் சீர்திருத்தத்தைத் தொடங்கியது. தனியார் தொழில்கள் வளர்ந்தன. 1993-ல் தொடங்கிய ‘கின் தோ’ நிறுவனம் நிலா கேக்கைத் தொழிற்சாலைப் பொருளாக நாடு முழுக்கக் கொண்டுபோனது. 2015-ல் அந்த நிறுவனத்தின் தின்பண்டப் பிரிவின் பெரும்பங்கு அமெரிக்காவின் மொண்டலீஸ் நிறுவனத்தின் கைக்குப் போனது. ஓரியோ பிஸ்கட் தயாரிக்கும் அதே நிறுவனம்தான்.

தொழிற்சாலை கேக்குக்கு ஒரு பெரிய வசதி, ஆயுள். வீட்டில் செய்தது ஒரு வாரம், பத்து நாளில் தீர்ந்தாக வேண்டும். காற்றுப்புகாத உறைக்குள் ஆக்ஸிஜனை உறிஞ்சும் சின்னப் பொட்டலத்தோடு வரும் கேக் ஒன்றரை, இரண்டு மாதம் தாங்கும். தாங்குகிற பொருளைத்தான் பரிசாகக் கைமாற்றிக்கொண்டே இருக்க முடியும். பெட்டிகள் பெரிதாகின. பட்டுத்துணி, காந்த மூடி, தேநீர், ஒயின் என்று கேக்கைச் சுற்றி மற்றதெல்லாம் வளர்ந்தன. வாங்குபவர் ருசியைவிட, பெட்டி எவ்வளவு மதிப்பாகத் தெரிகிறது என்று பார்க்கத் தொடங்கினார்.

இந்த வியாபாரத்தின் உண்மையான முகம், பௌர்ணமி நெருங்கும்போது தெரியும். நேற்றுவரை முழு விலைக்கு விற்ற கடையில் ‘ஒன்று வாங்கினால் இரண்டு இலவசம், மூன்று இலவசம்’ என்று பலகை தொங்கும். விழா முடிந்த மறுநாள் நிலா கேக்கைப் பரிசாகக் கொடுக்க முடியாது, அவ்வளவுதான். பல சாதாரண குடும்பங்கள் இந்தத் தள்ளுபடிக்காகவே காத்திருக்கும்.

எல்லோரும் பெட்டிப் பக்கம் போய்விடவும் இல்லை. ஹனோயில் துய் குவே தெருவில் இருக்கும் பழைய கடையான பாவ் ஃபுவாங் முன்னால் ஒவ்வோர் ஆண்டும் நீண்ட வரிசை நிற்கிறது. அங்கே ஆடம்பரப் பெட்டி கிடையாது. பாகும் பூரணமும் பழைய பக்குவத்தில் இருக்கும் என்பதற்காக மக்கள் மணிக்கணக்கில் நிற்கிறார்கள். வீட்டிலேயே செய்து விற்கும் பெண்களும் பெருகிவிட்டார்கள்.

விளக்கு மட்டும் குழந்தைகளிடமே இருக்கிறதா?

கேக் கைமாறினாலும் விளக்கு இன்னும் குழந்தைகளிடம்தான். ஐந்து முனை நட்சத்திர விளக்குதான் இந்த விழாவின் அடையாளம். மூங்கிலைச் சீவிக் கட்டி, சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டி, நடுவில் மெழுகுவத்தி வைப்பார்கள்.

வடக்கே நாம் டின் பகுதியில் உள்ள பாவ் டாப் கிராமம் இந்த விளக்குக்குப் பேர்போனது. 1954-ல் நாடு இரண்டாகப் பிரிந்தபோது, அந்த ஊர்க்காரர்கள் பலர் தெற்கே சைகோனுக்குக் குடிபெயர்ந்தார்கள். கையோடு அவர்கள் கொண்டுபோனது விளக்குத் தொழிலைத்தான். இன்றைய ஹோ சி மின் நகரத்தின் ஃபூ பின் பகுதி அப்படி உருவான விளக்குப் பேட்டை. ஒரே கிராமத்து வேலைப்பாடு நாட்டின் இரண்டு முனைகளிலும் எரிந்தது.

பின்னாளில் சீனாவிலிருந்து பேட்டரியில் ஓடும் பிளாஸ்டிக் விளக்குகள் வந்தன. பட்டனைத் தட்டினால் பாட்டும் பாடும். குழந்தைகளுக்குப் பிடித்துப்போனது, கைவினைக் குடும்பங்கள் பல தொழிலை விட்டன. சமீப ஆண்டுகளில் பள்ளிகளும் பெற்றோரும் மூங்கில் விளக்கை மறுபடி கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஹனோயின் ஹாங் மா தெருவில் விழாவுக்கு முந்தைய நாட்களில் இரண்டு வகையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். விளக்கு வாங்க வருபவர்களைவிட அங்கே படம் எடுக்க வரும் கூட்டம் அதிகம் என்று வியாபாரிகள் அலுத்துக்கொள்வதும் வழக்கம்.

2024: விளக்கு ஏற்றாத பௌர்ணமி

இந்த விழா யாருக்கானது என்ற கேள்வி 2024-ல் வேறு மாதிரி எழுந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 7 அன்று யாகி புயல் வடக்கு வியட்நாமைத் தாக்கியது. விழாவுக்குப் பத்தே நாள் இருந்தது. வெள்ளத்திலும் நிலச்சரிவிலும் 300-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். செப்டம்பர் 10 அன்று லாவோ காய் மாகாணத்தின் லாங் நூ என்ற மலைக்கிராமத்தைச் சேறும் நீரும் ஏறக்குறைய முழுதாக மூடின. இறந்தவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள்.

பல இடங்களில் மேடைகளும் ஊர்வலங்களும் ரத்து செய்யப்பட்டன. விழாவுக்கு ஒதுக்கிய பணம் நிவாரணத்துக்குத் திருப்பப்பட்டது. நிறுவனங்களும் பள்ளிகளும் தனிநபர்களும் சேர்த்த பொருட்களோடு நிலா கேக்கும் விளக்கும் வெள்ளப் பகுதிகளுக்குப் போயின. யாரோ ஒருவரின் பரிசுப் பட்டியலுக்காகத் தயாரான கேக்குகளில் கொஞ்சமாவது, வீட்டை இழந்த குழந்தைகளின் கைக்குப் போய்ச் சேர்ந்தன.

கூட்டம், மேடை, விளம்பரம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் விழாவில் எது மிச்சமிருக்கும் என்று அந்த ஆண்டு தெரிந்தது. கஷ்டத்திலும் ஒரு குழந்தைக்கு ஒரு இரவைக் கொடுப்பது, அவ்வளவே. 1945-ன் பஞ்சத்துக்குப் பிறகு வந்த பௌர்ணமியிலும் அதுவே மிஞ்சியிருந்தது. லாங் நூ மக்களுக்கு அந்த ஆண்டு டிசம்பரில் வேறு இடத்தில் 40 வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டன.

நிலா உச்சிக்கு வரும்போது...

விழா இரவின் கடைசிக் கட்டத்துக்கு ‘ஃபா கோ’ என்று பெயர். ‘விருந்தை உடைப்பது’ என்று அர்த்தம் சொல்லலாம். மாலையிலிருந்து தட்டு நிலாவுக்கு முன்னால் அப்படியே இருக்கும். வாழைப்பழம், சீமைப்பனிச்சை, அவல், பம்ப்ளிமாஸ் நாய்க்குட்டி, நடுவில் கேக். யாரும் தொடக்கூடாது. விளக்கு ஊர்வலமெல்லாம் முடிந்து, நிலா உச்சிக்கு வந்ததும் பெரியவர்கள் சரி என்பார்கள். அடுத்த சில நிமிடங்களில் தட்டு காலி.

முதலில் கை வைக்கும் உரிமை குழந்தைகளுக்குத்தான். கேக்கை எட்டுத் துண்டாக வெட்டுவார்கள். முட்டைக்கரு எந்தத் துண்டில் அதிகமாக வந்திருக்கிறது என்று சண்டையும் நடக்கும். காந்த மூடி போட்ட பெட்டியில் வந்த கேக்காக இருந்தாலும், தள்ளுபடியில் வாங்கிய கேக்காக இருந்தாலும், அந்தச் சண்டை மட்டும் ஒன்றுதான்.